மாமாவின் இடது காது

அந்தக் கண்ணாடியில் பவர் கிடையாது. இரண்டு வட்டத்திலும் இருந்தது வெறும் சாதாரணக் கண்ணாடி. தடித்த கறுப்பு ஃபிரேம். இடது காதில் மாட்டுகிற பக்கம் மட்டும் சுண்டுவிரல் கனம் இருக்கும். அதற்குள் ஒரு சிறிய மைக், பொட்டு அளவில் ஒரு பேட்டரி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க நகத்தால் திருகும் ஒரு சக்கரம். அதன் முனையில், காதுக்குப் பின்னால் எலும்பு மேடிட்டிருக்கும் இடத்தில் அழுந்தும்படி, சட்டைப் பொத்தான் போல ஒரு வில்லை. மைக் வாங்குகிற சத்தத்துக்கு அந்த வில்லை அதிரும். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி மாதிரிக்கு அனுப்பியது. வாங்க ஆளில்லாமல் எங்கள் கிளினிக் பீரோவின் அடித்தட்டில், நீல வெல்வெட் பெட்டிக்குள் வெகுநாளாகக் கிடந்தது. கம்பவுண்டர் அவ்வப்போது அதை எடுத்து மாட்டிக்கொண்டு சுவர்க் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொள்வார். எனக்கு அந்த வில்லையைத் தொட்டாலே விரல் கூசும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோயமுத்தூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரின் கிளினிக்கில் காது பரிசோதிக்கும் வேலை எனக்கு. ஒலி புகாத அறை என்று அதற்குப் பெயர்; கீழே டவுன் பஸ் போனால் ஒலி தாராளமாகப் புகும். அந்த அறையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் தலையில் ஹெட்போனை மாட்டி, 'சத்தம் கேட்டாக் கையைத் தூக்குங்க' என்று நாள் முழுக்கச் சொல்வேன். காது கேட்காத மனிதர்களைப் பற்றி அங்கே நான் முதலில் கற்றுக்கொண்டது, அவர்களில் பாதிப் பேர் கேட்காததற்கும் கை தூக்குவார்கள் என்பது. பரீட்சையில் ஃபெயிலாகிவிடக் கூடாது என்ற பயம். டாக்டர் ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொன்னது ஒன்றுதான். "இந்த ரூமுல தெரிஞ்சுக்கிறது எதுவும் படி எறங்கக் கூடாது அம்மணி." நானும் பெரிய மனுஷியாகத் தலையாட்டினேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

ஒரு தை மாதம், பொங்கல் முடிந்த வாரத்தில், கிளினிக்கின் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு என் மாமா உள்ளே வந்தார். என் அம்மாவுடன் பிறந்த ஒரே தம்பி. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பும் ஒரு தேங்காய் மண்டியும் வைத்திருந்தார். சொந்த ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது என்று இரண்டு பஸ் மாறி, அத்தனை தூரம் வந்து, கூட்டம் குறைவான இந்தக் கிளினிக்கைத் தேடிப் பிடித்திருக்கிறார். கதவைத் திறந்தால் எதிரே அக்கா மகள் உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் ஒருவருக்கொருவர் பேசி அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது.

அந்த நாலு வருஷக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிறவரை 'வாங்க' என்று சொல்லாமல் விட்டால் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. சோறு போடாவிட்டால்கூட மன்னிப்பார்கள். அதே மாதிரி, 'வாங்க' என்று சொன்னவருக்கு 'வந்தனுங்க' என்று பதில் சொல்லாமல் போனால், சொன்னவர் முகத்தில் அடித்த மாதிரி. சிங்காநல்லூரில் நாங்கள் புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, மாமா சீர்த் தட்டோடு வந்தார். என் அப்பா வாசலில் இடது பக்கமாக நின்று 'வாங்க மாப்பிள்ளை' என்றார். மாமா திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அப்பாவின் சுபாவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அவர் லேத் பட்டறை வைத்திருந்தவர். நாளெல்லாம் இரும்பின் சத்தத்தில் இருந்துவிட்டு வீட்டில் தாழ்ந்த குரலில் பேசுவார், எதையும் ஒரு முறைதான் சொல்வார். அன்றைக்கும் ஒரு முறைதான் சொன்னார். சொந்தபந்தம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அதற்குப் பிறகு மாமா வீட்டுப் படி ஏறவில்லை. மாமாவும் வரவில்லை. ஒரு வார்த்தை விளக்கம் கேட்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. 'தோப்பு நாலு ஏக்கர் கூடினதும் திமிரு ஏறிப்போச்சு' என்று ஊர் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு மாமா என் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். நான் ஹெட்போனை மாட்டினேன். வலது காது பழுதில்லாமல் கேட்டது. இடது காதுக்குச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். சாதாரணமாகப் பேசுகிற குரலின் அளவு வரை ஏற்றிய பிறகும் அவர் கை மடியிலேயே இருந்தது. கேட்காததற்குக் கை தூக்குகிற ஆள் இல்லை அவர். பிறகு ஹெட்போனை எடுத்துவிட்டு, எலும்பு வழியாகச் சோதிக்கிற அதிர்வு வில்லையை இடது காதுக்குப் பின்னால் வைத்தேன். சத்தம் கொடுத்ததும் கை சட்டென்று மேலே போனது. "கேக்குது அம்மணி. இந்தக் காது கேக்குது" என்றார். அவர் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. மண்டை எலும்புக்கு இடது வலது கிடையாது. இந்தப் பக்கம் அதிர்ந்தால் அந்தப் பக்கத்து நரம்புக்கும் போய்விடும். அவர் கேட்டது வலது காதால். நான் வலது காதுக்குள் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சலை விட்டு அதை மறைத்துவிட்டு, அதே சத்தத்தை மறுபடியும் இடது பக்கம் கொடுத்தேன். தூக்கிய கை தானாக இறங்கியது. அதற்கப்புறம் நான் எவ்வளவு ஏற்றியும் அது எழும்பவில்லை.

பத்து வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து போனதாம். கன்னத்து வீக்கம் ஒரு வாரத்தில் வற்றிவிட்டது. போகும்போது காது நரம்பையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அம்மா அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் கல்யாணமாகி எங்கள் அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். பெற்றவர்களிடம் இவர் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்தில் வேறொரு பையனை 'செவுடு' என்று கூப்பிட்டு அடித்ததைப் பார்த்த பயத்தில். ஒரு காது போனால் வெளியே தெரியாது. எதிரில் உட்கார்ந்து பேசினால் பளிச்சென்று கேட்கும். இடது பக்கமிருந்து மெல்லக் கூப்பிட்டால் கேட்காது, எந்தப் பக்கமிருந்து சத்தம் வருகிறது என்று தெரியாது, கூட்டத்தில் எல்லாம் குழம்பிவிடும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை மறைக்க அவர் ஒரு வாழ்க்கையையே அமைத்துக்கொண்டிருந்தார். பந்தியில் எப்போதும் இடது கோடி இலையில்தான் உட்காருவார். பஸ்ஸில் இடது ஜன்னலோரம். குடும்பப் போட்டோவில் இடது ஓரம். சிறுவயதில் நாங்கள் அதையெல்லாம் பார்த்து, 'மாமாவுக்கு எப்பவும் மூலை வேணும், பெரிய ராஜா' என்று கேலி செய்திருக்கிறோம்.

நரம்பு செத்துவிட்டதால் ஆபரேஷனுக்கு வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா மறுபடி என் அறைக்கு வந்து நின்றார். நான் மனம் பொறுக்காமல், அப்பாவிடம் இதை ஒரு வார்த்தை சொன்னால் நாலு வருஷச் சண்டை நாலு நிமிஷத்தில் தீர்ந்துபோகுமே என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஒரே மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். "திமிரு புடிச்சவன்னு சொல்றாங்களா, சொல்லட்டும் கண்ணு. திமிரு புடிச்சவன் ஊட்டுல பொண்ணு எடுப்பாங்க. செவுடன் ஊட்டுல எடுக்க ரோசனை பண்ணுவாங்க" என்றார். பொன்னுக்கு வீங்கியால் வந்தது வம்சத்தில் இறங்காது என்று நான் பாடம் நடத்தினேன். பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்கும் நீ வந்து இந்தப் பாடத்தை எடுப்பாயா என்று கேட்டார். "உங்கம்மாகிட்டக்கூடச் சொல்லிப்போடாத. அக்காளுக்கு மனசுல ஒண்ணும் நிக்காது" என்று கையில் சத்தியம் வாங்கிக்கொண்டார். டாக்டரின் விதி ஒரு பக்கம், மாமாவின் சத்தியம் ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால், அந்த வயதில் அவ்வளவு பெரிய ரகசியம் கையில் இருந்தது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அவர் அத்தனை வருஷம் கழித்து டாக்டரைத் தேடி வந்ததற்குக் காரணம் என் அக்காவின் கல்யாணம். வைகாசியில் நாள் குறித்திருந்தோம். பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டத் தாய்மாமன் வேண்டும். அந்தக் கல்யாண வாசலில் இரண்டாம் முறை தவறிவிடக் கூடாது என்றுதான் காதைச் சரிசெய்ய வந்திருக்கிறார். நான் முதலில் தலைப்பட்டையைக் காட்டினேன். உச்சந்தலை மேலாக வளையும் எஃகுப் பட்டை, அதன் நுனியில் அதிர்வு வில்லை, அதிலிருந்து ஒயர் இறங்கிச் சட்டைப்பையில் ஒரு பெட்டி. "இதை மாட்டிக்கிட்டு மண்டிக்குப் போனா, தேங்காயை உட்டுப்போட்டு என்னை வெல பேசுவானுங்க" என்றார். அப்போதுதான் அடித்தட்டில் கிடந்த கண்ணாடி எனக்கு நினைவு வந்தது.

மாட்டிக்கொண்டு வந்து நின்றபோது வாத்தியார் மாதிரி இருந்தார். நான் அவருக்கு இடது பக்கம் போய் நின்று, மெல்ல 'ஏனுங்க மாமா' என்றேன். உடனே திரும்பினார், வலது பக்கமாக. அங்கே யாரும் இல்லாததைக் கண்டு இடது பக்கம் திரும்பி என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு. கண்ணாடி செய்வது தபால்காரன் வேலைதான், இடது வாசலுக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போய் வலது வாசலில் கொடுக்கும், எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று சொல்லாது என்று விளக்கினேன். அதனால் குரல் கேட்டதும் இரண்டு பக்கமும் பார்த்துவிடுங்கள் என்றேன். காதுக்குப் பின்னால் அழுந்தி வலிக்கும், பழகிவிடும் என்றேன். கடைசியாக, "எப்பவும் போட்டுக்கங்க மாமா, கழட்டவே வேண்டாம்" என்றேன். பெட்டியோடு வந்திருந்த காகிதத்தில் பொடி எழுத்தில் இன்னும் ஒரு பத்தி இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

வீட்டில் அம்மாவின் நிலைமை வேறாக இருந்தது. கல்யாண வேலை கூடக் கூட அவளுக்கு முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது. தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். பட்டம் கட்ட அம்மாவின் பங்காளி ஒருவரைத் தாய்மாமன் முறைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அப்பா சொன்ன அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டில் சாயங்காலம் இட்லிக்கு மாவு ஆட்டுகிற வழக்கம். கிரைண்டர் ஓடும்போது அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுவாள். அந்தச் சத்தத்தில் வெளியே தெரியாது என்று நினைப்பு. இரைச்சலுக்கு நடுவே ஒரு சின்னச் சத்தம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அடுத்த அறையில் உட்கார்ந்து மறுநாளைக்கான புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். தை, மாசி, பங்குனி, சித்திரை. ஒரே ஒரு நாள் எழுந்து சமையலறை வாசல் வரை போனேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்ன வேண்டும் என்று கேட்டாள். காபி வேண்டும் என்றேன்.

பங்குனியில் சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் இரண்டு வீட்டுக்கும் நடந்து ஒரு ஒப்பந்தம் செய்தார். அப்பா நேரில் போய் அழைக்க வேண்டியதில்லை. மாமா சீரோடு மண்டபத்துக்கு வரும்போது அப்பா வாசலில் நின்று 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாமா 'வந்தனுங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதோடு பழசு எல்லாம் தீர்ந்தது. அப்பா யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். "ஒருக்காச் சொல்லுவேன். பதில் வல்லீன்னா அந்த ஒறவு அத்தோட முடிஞ்சுது" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயத்தில் அம்மாவின் அழுகை சித்திரையிலும் நிற்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பொழுது சாயும் நேரம். மண்டப வாசலில் பாதி ஊர் நின்றது, சீரைப் பார்க்க அல்ல, இந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்க. நான் என் அதிகப்பிரசங்கித்தனத்தில் எல்லா ஏற்பாடும் செய்திருந்தேன். கண்ணாடி ஒரு வேளை கைவிட்டாலும் நல்ல காது இருக்கிறது அல்லவா? அதனால் உள்ளே வருகிறவருக்கு வலது பக்கமாக வரும்படி, பன்னீர்ச் செம்பு வைத்த மேஜையை நகர்த்தி, அப்பாவை அங்கே நிற்க வைத்தேன். மேளக்காரர்கள் மறுபக்கம். இதற்குமேல் என்ன தப்பு நடந்துவிடும் என்று நினைத்தேன். சீர் வந்தது. மாமா பட்டு வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாக, இரண்டு கையிலும் தட்டோடு படி ஏறினார். அவருக்கு இடது பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, தவில். அப்பா 'வாங்க மாப்பிள்ளை' என்றார். எனக்குக் கேட்டது. பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. மாமா முகம் இறுகி, எங்கேயோ தேடுகிற மாதிரி இரண்டு அடி நடந்து, இடது பக்கம் திரும்பி அங்கே கை கூப்பி நின்ற மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துத் தலை குனிந்து 'வந்தனுங்க' என்றார். அப்பாவுக்குக் கிடைத்தது அவருடைய முதுகு.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. கண்ணாடி இல்லாமல் வந்திருந்தால் தவிலின் இரைச்சலில் பெரும்பகுதி செத்த காதோடு நின்றிருக்கும். அப்பாவின் குரல் நல்ல காதில் விழுந்திருக்கும். முப்பது வருஷமாக அவர் அப்படித்தான் சமாளித்து வந்தார். நான் கொடுத்த கண்ணாடி அந்தத் தவிலை அள்ளிக்கொண்டு போய் அவருடைய ஒரே நல்ல காதில் கொட்டியது. சத்தம் கெட்ட பக்கத்தில் இருக்கும் இடங்களில் கழற்றி வைக்கவும் என்பதுதான், பிறகு எடுத்துப் படித்தபோது, அந்தப் பொடி எழுத்துப் பத்தியில் இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அப்பா சத்தம் போடவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டு, மண்டபத்துக்குப் பின்னால் சமையல் கொட்டகைக்குப் போய், காய்கறி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்தை மாமனே நடத்திக்கொள்ளட்டும், தான் அடுப்பைப் பார்த்துக்கொள்வதாகப் பெரியவரிடம் சொல்லி அனுப்பினார். அம்மா மணமகள் அறை வாசலில் நின்றவள் நின்றபடி இருந்தாள். அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள், முகத்துக்குப் போட்டிருந்த பவுடர் கோடு கோடாக இறங்கியது. மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, எங்கே தப்பானது என்று கேட்டார். சொன்னேன். என் தப்பு என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். எனக்குப் பின்னால் சொந்தக்காரர்கள்.

சாம்பார் அண்டாக்களுக்கு நடுவே, அப்பாவுக்கு முன்னால் வலது காதைக் காட்டியபடி நின்றுகொண்டு அவர் பேசினார். "மச்சான், எனக்கு இந்தக் காது கேக்காதுங்க. பத்து வயசுல இருந்தே கேக்காதுங்க. உங்க புது ஊட்டு வாசல்லயும் கேக்குல. இன்னைக்கும் கேக்குல."

யாரும் நம்பவில்லை. அதுதான் நான் எதிர்பார்க்காதது. இத்தனை வருஷம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷன், தேங்காயைத் தட்டிப் பார்த்தே தண்ணீர் அளவு சொல்கிறவர், தப்புச் செய்துவிட்டுச் செவிடு என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார் என்று பெரியவரே முணுமுணுத்தார். அத்தனை வருஷம் காது கேட்காததை மறைத்த திறமையே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. மாமா சுற்றிலும் பார்த்துவிட்டு, "சின்ன அம்மணியைக் கேளுங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிளினிக்கில் பேசுகிற குரலில், இடது காது முழுவதும் கேட்காது, நான்தான் பரிசோதித்தேன், டாக்டர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் இருக்கிறது என்றேன். அப்போது மாமாவின் மனைவி, என் அத்தை, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சாவகாசமாகச் சொன்னாள். "கண்ணாலமாயி மூணாம் மாசமே எனக்குத் தெரியுமுங்க. தெரியாதுன்னு அவருக்கு நெனப்பு. நான் இருவது வருசமா சோத்துக்கைப் பக்கமாவே நடந்துக்கிட்டிருக்கறேன்."

சமையல்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் ஒவ்வொருவராக. மாமா மனைவியைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் திறமை போதாது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நாலு வருசமா நான் யாரு மேல கோவிச்சுட்டு இருந்தேன்?" என்று கேட்டார். மூட்டையை விட்டு எழுந்து, மாமாவின் வலது பக்கமாகச் சுற்றி வந்து, 'வாங்க மாப்பிள்ளை' என்றார். வாழ்க்கையில் அவர் ஒரு சொல்லை இரண்டாம் முறை சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அன்று இரவுப் பந்தியில் இரண்டு பேரும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், மாமா இடது கோடியில்.

நான் திரும்பியபோது கொட்டகை வாசலில் அம்மா நின்றிருந்தாள். எல்லோரும் கலைந்து போகிறவரை காத்திருந்து, எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். தை மாதத்திலிருந்து என்றேன். அவள் தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் மாமா அக்காவுக்குப் பட்டம் கட்டினார். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. அம்மா என்னோடு பேசவில்லை.

மாமாவின் மகளுக்குப் பேச்சில் இருந்த ஒரு இடம் அந்த ஆனி மாதம் தட்டிப்போனது. அவர்கள் காரணம் சொல்லவில்லை. ஜாதகம் என்றார்கள். அடுத்த வருஷம் பொள்ளாச்சிப் பக்கத்தில் வேறு நல்ல இடம் அமைந்தது, முதலிலேயே விஷயத்தைச் சொல்லித்தான் பேசினார்கள். மாமா கண்ணாடியைத் தொடர்ந்து போட்டுக்கொண்டார், மண்டியில் மட்டும். இரைச்சலான இடத்தில் கழற்றிவிடுவார். அது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது எனக்கென்று ஒரு சிறிய கிளினிக் இருக்கிறது. எலும்பு வழியாகக் கேட்க வைக்கும் கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. காதுக்குப் பின்னால் பொட்டு மாதிரி ஒட்டிக்கொள்வது, எலும்பிலேயே திருகு வைத்துப் பொருத்துவது என்று வந்துவிட்டது. முடியை முன்னால் விட்டால் யாருக்கும் தெரியாது. இளம்பெண்களும் பையன்களும் வருகிறார்கள். ஒரு காதுதான் கேட்காது, வெளியே சொல்ல வேண்டாம் மேடம் என்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். என் டாக்டரின் விதி இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவேன்: வீட்டில் உங்களுக்காகக் கவலைப்படுகிறவர்கள் யார், அவர்களுக்கு இது தெரியுமா? தெரியாது என்றால், ஒரே ஒருவரிடமாவது நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுவேன். சிலர் முறைப்பார்கள். சிலர் போய்ச் சொல்லிவிட்டு வருவார்கள்.

அந்தக் கல்யாணம் முடிந்து, அக்கா புகுந்த வீட்டுக்குப் போய் ஒன்றரை மாதம் வரை அம்மா எனக்குத் தட்டில் சோறு வைப்பாள், புடவையை மடித்து வைப்பாள், வாய் மட்டும் திறக்க மாட்டாள். வேண்டியதை அப்பா மூலமாகச் சொல்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் எனக்குப் பொறுமை போய்விட்டது. மொச்சை உரித்துக்கொண்டிருந்தவளுக்கு எதிரே உட்கார்ந்து என் நியாயங்களை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். கிளினிக்கின் விதி அப்படி. மாமா கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். அவர் மகளின் வாழ்க்கை அதில் இருந்தது. இவ்வளவு காலம் கூடவே வாழ்ந்த அத்தையும்தானே தெரிந்தும் சொல்லாமல் இருந்தாள். கடைசியில் எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்தது. அம்மா குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டாள். கையில் இருந்த மொச்சையை உரித்து முடித்து, தோலை முறத்தில் போட்டாள்.

"அவனுக்குக் காது கேக்குல, சரி" என்றாள். "நாலு மாசம் நான் அழுதது உனக்குக் கேட்டுதல்ல, அம்மணி?"